நாடாளுமன்ற ரீசஸும் பள்ளிக்கூட ரீசஸும் ஒன்றுதானா?

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர். அவருடைய கேள்வி சுருக்கமாக இதுதான். பள்ளியில் ரீசஸ் என்றால் இடைவேளை. நாடாளுமன்றம் ரீசஸில் இருக்கும்போது குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம், அதாவது நாடாளுமன்றம் நிறைவேற்றாமலே தற்காலிகமாக வரும் சட்டம், பிறப்பிக்கலாம் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 123-வது பிரிவைப் பற்றிப் படிக்கும்போது வருகிறது. பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவில் சில வாரங்கள் அவை கூடாமல் இருக்கிறதே, அதையும் செய்திகளில் ரீசஸ் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தச் சில வாரங்களிலும் அவசரச் சட்டம் வரலாமா? கூடவே, கட்டட வரைபடத்தில் சுவருக்குள் இருக்கும் பள்ளத்துக்கும் அதே சொல் போட்டிருக்கிறதே, எல்லாம் ஒரே சொல்தானா என்றும் கேட்டிருக்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது அகராதிக் கேள்வி. உண்மையில் அவரைக் குழப்புவது வேறு. ஒரு சபை ரீசஸில் இருக்கிறது என்று சொன்னால், அதன் கூட்டத்தொடர் இன்னும் உயிரோடு இருக்கிறதா, முடிந்துவிட்டதா? சட்டமன்ற, நீதிமன்ற ஆவணங்களைத் தமிழாக்குவதும், மற்றவர்கள் தமிழாக்கியதைத் திருத்துவதுமாகப் பல வருடங்கள் போயிருக்கின்றன எனக்கு. இந்த ஒரு சொல் வரும் இடத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளர்களே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆகவே சட்டத்தின் வாசகமும் நடைமுறையும் என்ன சொல்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் நேரடியான பதில். பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவே வரும் அந்த இடைவெளியில், அது மட்டுமே காரணமாக, அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. அந்த நேரத்தில் இரண்டு அவைகளும் ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். கூட்டத்தொடர் முடியவில்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், 123-வது பிரிவின் தலைப்பில்தான் ரீசஸ் என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறது. பிரிவின் உடலுக்குள் போய்ப் பார்த்தால் அந்தச் சொல்லே கிடையாது. அங்கே இருப்பது, இரண்டு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் என்ற நிபந்தனை. மாநில ஆளுநர்களுக்கு அதே அதிகாரத்தைத் தரும் 213-வது பிரிவின் தலைப்பிலும் அந்தச் சொல் உண்டு. தலைப்பு வழிகாட்டிப் பலகை மாதிரி. அதிகாரத்தின் எல்லையை வரைவது உள்ளே இருக்கும் வாசகம். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலரும் தலைப்பை மனப்பாடம் செய்துவிட்டு வாசகத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கூட்டத்தொடர் என்பது குடியரசுத் தலைவர் 85-வது பிரிவின்படி அவையைக் கூட்டுவதில் தொடங்கி, அதே பிரிவின்படி அதை முடித்துவைப்பதில் முடிகிறது. நடுவில் எத்தனை முறை ஒத்திவைத்தாலும், ஒரு மணி நேரமோ ஒரு மாதமோ, அது அதே கூட்டத்தொடர்தான். தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தாலும் அப்படித்தான். ஒத்திவைப்பது அவைத் தலைவரின் வேலை, முடித்துவைப்பது குடியரசுத் தலைவரின் வேலை. நாடாளுமன்ற நடைமுறையைச் சொல்லும் நூல்களில் ரீசஸ் என்ற சொல்லுக்குக் கறாரான பொருள் ஒன்று இருக்கிறது. ஒரு கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்ட நாளுக்கும் அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் நாளுக்கும் நடுவே உள்ள காலம்தான் அது. 123-வது பிரிவின் தலைப்பும் அந்தப் பொருளில்தான் பொருந்துகிறது. பேச்சு வழக்கிலும் செய்தியிலும் அதே சொல், கூட்டத்தொடருக்கு உள்ளேயே வரும் நீண்ட ஒத்திவைப்பையும் குறிக்கிறது. பட்ஜெட் ரீசஸ் இந்த இரண்டாவது வகை. துறைவாரியான நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு அமைச்சகமும் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, உட்கார்ந்து ஆராய்வதற்காக விடப்படும் இடைவெளி அது. அவை கூடாவிட்டாலும் நாடாளுமன்றத்தின் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு அடுத்தடுத்த இரண்டு வருடங்களே சாட்சி. 2014 டிசம்பர் 31 அன்று நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைத் திருத்தி ஓர் அவசரச் சட்டம் வந்தது. அவசரச் சட்டம் எதுவானாலும், நாடாளுமன்றம் மறுபடி கூடிய நாளிலிருந்து 6 வாரம் முடிந்தால் காலாவதி. 2015 பிப்ரவரி 23 அன்று பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கியது, ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தோடு அதன் ஆயுள் முடிய இருந்தது. மக்களவை மசோதாவை நிறைவேற்றிவிட்டது, மாநிலங்களவையில் நிறைவேறவில்லை. அப்போது பட்ஜெட் இடைவெளி நடந்துகொண்டிருந்தது. ரீசஸ்தானே என்று அரசு அப்படியே புதிய அவசரச் சட்டத்தைப் பிறப்பித்துவிட முடிந்ததா? முடியவில்லை. மார்ச் 28 அன்று மாநிலங்களவையின் கூட்டத்தொடரை மட்டும் முடித்துவைத்தார்கள். அதற்குப் பிறகுதான், ஏப்ரல் 3 அன்று, அவசரச் சட்டம் மறுபடி பிறப்பிக்கப்பட்டது. இரண்டு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்போது கூடாது என்பதுதானே வாசகம். ஆக, ஓர் அவையின் கூட்டத்தொடர் முடிந்தாலே கதவு திறந்துவிடுகிறது.

அடுத்த வருடம் உத்தராகண்ட். 2016 மார்ச் 27 அன்று அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் 1 முதல் மாநிலத்தின் செலவுக்கு நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும். நாடாளுமன்றமோ பட்ஜெட் இடைவெளியில் இருந்தது, ஏப்ரல் 25 அன்றுதான் மறுபடி கூட வேண்டும். அப்போதும் மார்ச் கடைசியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்துவிட்டுத்தான் செலவுக்கான அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதனால் ஏப்ரல் 25 அன்று கூடியது பழைய கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதியாக இல்லை, புதிய கூட்டத்தொடராக ஆனது. கேட்டவரின் சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

இன்னொரு பக்கம், கூட்டத்தொடர் உண்மையிலேயே முடிந்திருந்தால், அடுத்தது தொடங்க இரண்டே நாள் இருந்தாலும் வாசகம் தடுக்காது. 14 வங்கிகளை அரசுடைமையாக்கிய அவசரச் சட்டம் 1969 ஜூலை 19, சனிக்கிழமை வந்தது. நாடாளுமன்றம் ஜூலை 21, திங்கட்கிழமை கூட இருந்தது. இது முறைதானா என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். என் கருத்தில் இது சரியான வழக்கம் இல்லை. ஆனால் ரீசஸ் என்பதற்குக் குறைந்தபட்ச நாட்கணக்கு எதையும் நம் அரசியலமைப்புச் சட்டம் வைக்கவில்லை. அவசரச் சட்டத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பதைப் பற்றி மட்டும் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே பேசியிருக்கிறது. பீகாரில் 1967-க்கும் 1981-க்கும் இடையே 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டுப் பலவும் வருடக்கணக்கில் நீட்டிக்கப்பட்டதை வாத்வா வழக்கில் அது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே சொன்னது. 2017 ஜனவரியில் கிருஷ்ண குமார் சிங் வழக்கில் 7 நீதிபதிகள் அமர்வு அந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட்டது.

நாட்கணக்கு என்று வந்தபிறகு அமெரிக்காவைச் சொல்லாமல் விட முடியாது. ரீசஸ் என்ற ஒரே சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதிய வழக்கு அங்கேதான் நடந்தது. அங்கே உயர் பதவிகளுக்கு அதிபர் ஆட்களை நியமிக்க செனட்டின் ஒப்புதல் வேண்டும். செனட் ரீசஸில் இருக்கும்போது காலியிடங்களை அவரே தற்காலிகமாக நிரப்பலாம் என்று அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. குதிரையிலும் கப்பலிலும் உறுப்பினர்கள் ஊருக்குப் போய்ப் பல மாதங்கள் கழித்துத் திரும்பிய காலத்தில் எழுதிய ஏற்பாடு. ஜார்ஜ் வாஷிங்டன் 1795-ல் ஜான் ரட்லெஜைத் தலைமை நீதிபதியாக இப்படித்தான் நியமித்தார். செனட் திரும்பி வந்து அவரை நிராகரித்தது. 1953-ல் ஐசன்ஹோவர் ஏர்ல் வாரனை நியமித்ததும் இதே வழியில்தான். அவரைச் செனட் பிறகு ஏற்றுக்கொண்டது.

2011 டிசம்பரில் நிலைமை வேறு மாதிரி ஆனது. செனட் நீண்ட விடுப்புக்குப் போனது. ஆனால் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரே ஓர் உறுப்பினர் வந்து அவையைத் தொடங்கி, கொஞ்ச நேரத்திலேயே முடித்துவிட்டுப் போவார். அவை கூடியது என்று பதிவாக வேண்டும், அதற்காக. 2012 ஜனவரி 3 அன்று அப்படி ஒரு கூட்டம், ஜனவரி 6 அன்று இன்னொன்று. நடுவில் ஜனவரி 4 அன்று, செனட் ரீசஸில்தான் இருக்கிறது என்று சொல்லி, அதிபர் ஒபாமா தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு மூன்று பேரை நியமித்தார். அந்த வாரியம் ஒரு தொழிலாளர் தகராறில் கொடுத்த உத்தரவை எதிர்த்து, நோயல் கேனிங் என்ற குளிர்பான நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. உங்கள் உறுப்பினர்களின் நியமனமே செல்லாது, அப்புறம் உத்தரவு எப்படிச் செல்லும் என்பது அதன் வாதம்.

2014 ஜூன் 26 அன்று வந்த தீர்ப்பில் 9 நீதிபதிகளும் நியமனம் செல்லாது என்பதில் ஒன்றுபட்டார்கள். காரணத்தில்தான் 5-க்கு 4 என்று பிரிந்தார்கள். நீதிபதி பிரேயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, ரீசஸ் என்ற சொல் இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே வரும் காலத்தையும் குறிக்கும், ஒரே கூட்டத்தொடருக்கு உள்ளே வரும் நீண்ட இடைவெளியையும் குறிக்கும். ஆனால் மூன்று நாள் என்பது மிகவும் குறைவு. பத்து நாளுக்குக் குறைந்தாலும் போதாது என்றே பொதுவாகக் கொள்ள வேண்டும். அதோடு, அவை வேலை செய்யும் நிலையில் இருக்கும்வரை, நான் கூட்டத்தில் இருக்கிறேன் என்று அவையே சொன்னால் அது கூட்டத்தில் இருப்பதாகத்தான் அர்த்தம். அந்த ஓரிரு நிமிடக் கூட்டங்கள் வெறும் நாடகம் என்ற வாதம் அங்கே விழுந்தது. டிசம்பர் 23 அன்று நடந்த அப்படிப்பட்ட ஒரு கூட்டத்திலேயே செனட் ஒரு வரிச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. நீதிபதி ஸ்காலியாவும் அவரோடு சேர்ந்த மூவரும் இன்னும் கறாரான பொருளை எடுத்தார்கள். கூட்டத்தொடர்களுக்கு நடுவே உள்ள காலம் மட்டுமே ரீசஸ், உள்ளே வருவது ரீசஸே இல்லை என்றார்கள்.

கவனித்துப் பாருங்கள், நம் நடைமுறை நூல்கள் எந்தக் கறாரான பொருளைச் சொல்கின்றனவோ அதையேதான் ஸ்காலியாவும் சொன்னார். செய்தித்தாள் எந்தத் தளர்வான பொருளில் எழுதுகிறதோ அதைப் பெரும்பான்மை ஏற்றது. ஆகவே கேட்டவருக்கு வந்த குழப்பம் அவருடைய குறை இல்லை, அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் அமெரிக்கத் தீர்ப்பை வைத்து நம் 123-வது பிரிவுக்குப் பொருள் எடுக்கக் கூடாது. அங்கே அந்தச் சொல் அதிகாரம் தரும் வாசகத்திலேயே இருக்கிறது, இங்கே தலைப்பில் மட்டும்.

பிரிட்டனில் ரீசஸ் என்றால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை என்று நாடாளுமன்றம் எடுக்கும் விடுப்புகள். அந்த நாட்டின் கீழவையான காமன்ஸ் சபை தானே தீர்மானம் போட்டு எடுத்துக்கொள்வது. கூட்டத்தொடரை முடித்துவைப்பதோ பிரதமரின் ஆலோசனையில் அரசி அல்லது அரசர் செய்வது. 2019-ல் ஐந்து வாரம் முடித்துவைத்ததை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 24 அன்று 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றபோது, இந்த வேறுபாட்டை விளக்கிய பிறகே தீர்ப்புக்குப் போனது. ரீசஸில் அவை கூடாது, ஆனால் குழுக்கள் கூடலாம், எழுத்துமூலக் கேள்விகள் போகலாம். முடித்துவைத்துவிட்டால் எதுவும் நடக்காது. இன்னொரு சுவையான செய்தி. 1895-ல் ஹோரஸ் பிளங்கெட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அயர்லாந்தின் விவசாயத்தையும் தொழிலையும் முன்னேற்ற எல்லாக் கட்சிக்காரர்களையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். நாடாளுமன்றம் கூடாத காலத்தில் கூடியதால் அதற்கு ரீசஸ் குழு என்றே பெயர். அதன் அறிக்கையிலிருந்துதான் 1899-ல் அயர்லாந்துக்கு ஒரு விவசாயத் துறையே பிறந்தது.

சரி, சொல்லின் வேருக்கு வருவோம். லத்தீனில் பின்னே போவது, ஒதுங்குவது என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் இது. பொருளாதாரம் பின்வாங்கும்போது சொல்லும் ரிசெஷன் இதன் உடன்பிறப்பு. மரபியலில் வெளியே தெரியாமல் ஒடுங்கி நிற்கும் பண்பைக் குறிக்கும் சொல்லும் அப்படித்தான். ஆட்கள் வேலையிலிருந்து ஒதுங்கினால் இடைவேளை. சுவரின் ஒரு பகுதி முகப்பிலிருந்து பின்னே ஒதுங்கினால் மாடம், பள்ளம். ஆக, கேட்டவரின் கடைசிக் கேள்விக்கு ஆமாம், ஒரே சொல்தான். வரைபடத்தில் அதைப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்ற அளவும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். திருகாணித் தலையில் ஸ்க்ரூடிரைவர் போய் உட்காரும் கூட்டல் குறி போன்ற பள்ளத்துக்கும் தொழில்துறையில் இதே பெயர்தான்.

மருத்துவத்தில் இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையின் கீழ்ப்பகுதியில், விலா எலும்புகளுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. சாதாரணமாக மூச்சு விடும்போது நுரையீரல் அதுவரை இறங்காது. ஆழமாக மூச்சை இழுத்தால் கீழே இறங்கி அதில் நுழையும். நெஞ்சில் நீர் கோத்தால், நிற்கும் நிலையில் முதலில் சேர்வது இங்கேதான். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் கூர்மையாகத் தெரிய வேண்டிய அந்த மூலை மழுங்கித் தெரிவதற்குச் சுமார் 200 மில்லி லிட்டர் நீர் வேண்டும் என்பது மருத்துவ மாணவர்கள் படிக்கும் கணக்கு. இந்த இடுக்குக்கும் ரீசஸ் என்றுதான் பெயர். உறுப்பு ஒதுங்கி விட்டுவைத்த இடம், வேண்டும்போது திரும்பி வந்து நிரப்பும் இடம்.

கூட்டங்களிலும் நீதிமன்றத்திலும் இதே குணம்தான். 1876-ல் முதலில் வெளியாகி இன்றுவரை அமெரிக்கச் சங்கங்கள் பின்பற்றும் ராபர்ட்டின் விதிமுறைகளின்படி, ரீசஸ் விட்டால் கூட்டம் முடிவதில்லை. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். ஒத்திவைப்பு அப்படி இல்லை, அந்த அமர்வே முடிந்துவிடுகிறது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நாடாளுமன்றத்தில் கறாரான பொருளில் ரீசஸ் ஒத்திவைப்பைவிடப் பெரியது. சங்கக் கூட்டத்தில் ரீசஸ் ஒத்திவைப்பைவிடச் சின்னது. அமெரிக்க நீதிமன்றத்தில் நீதிபதி ரீசஸ் என்று அறிவித்தால் பெரும்பாலும் பதினைந்து நிமிட இடைவேளைதான். அதே நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குக் கோடையில் வரும் ரீசஸோ ஜூன் கடைசி அல்லது ஜூலைத் தொடக்கத்திலிருந்து அக்டோபர் முதல் திங்கட்கிழமைவரை நீள்கிறது. யார் சொல்கிறார்கள், எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் கால அளவைச் சொல்லவே முடியாது.

பள்ளி ரீசஸ் அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் வேறு சொற்களால் சொல்வார்கள். அது வெறும் ஓய்வு நேரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், தண்டனையாகவோ பாடத்தை முடிப்பதற்காகவோ குழந்தைகளின் ரீசஸைப் பறிக்கக் கூடாது என்று சொன்னது. கலிபோர்னியா 2023-ல் ஒரு சட்டமே இயற்றி, தொடக்கப் பள்ளிகளில் தினமும் 30 நிமிடம் என்று வைத்தது. இடைவேளைக்குப் பிறகு குழந்தைகள் பாடத்தில் கூடுதலாகக் கவனம் செலுத்துகிறார்கள் என்பதற்கு ஆய்வுகளில் நல்ல ஆதரவு உண்டு. மதிப்பெண் நேரடியாகக் கூடுமா என்பதில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. மதிப்பெண் கூடாவிட்டாலும் அந்த அரை மணி நேரம் குழந்தைகளுடையது என்பது என் திடமான எண்ணம்.

கடைசியாக, விடைத்தாளில் எப்படி எழுதுவது. கூட்டத்தொடருக்கு உள்ளே வந்தால் ஒத்திவைப்பு அல்லது இடைவெளி என்று எழுதுங்கள். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டு அடுத்தது தொடங்கும்வரை என்றால், கூட்டத்தொடர்களுக்கு இடைப்பட்ட காலம் என்று நீளமாகவே எழுதுங்கள், நீளத்துக்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். விடுமுறை என்ற சொல்லை இரண்டுக்கும் போடாதீர்கள், அதில் கூட்டத்தொடர் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும். கலைப்பு என்று எழுதினால் முழுத் தவறு. கலைப்பு மக்களவைக்கு மட்டும் உரியது, அதில் நிலுவையில் உள்ள மசோதாக்களை அது கொண்டுபோய்விடும். கூட்டத்தொடரை முடித்துவைத்தால் மசோதாக்கள் காலாவதியாவதில்லை, 107-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பிரிவையும் 85-ஐயும் 123-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் எந்த வரியில் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், எழுதுகிறேன்.